மூன்று வயது மகனுக்கு வாங்கிய மரக் கோச்சி: வட்டமும் மூடவில்லை, பெட்டியும் சேரவில்லை

கொட்டகலையான் | ஞாயிறு, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில், புகையிரதப் பாதையை மேலிருந்து பார்க்கும் ஒரு மேட்டில் இருக்கிறது. மகனுக்கு மூன்று வயதாகப் போகிறது என்றபோது என்ன வாங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை; பதுளைக் கோச்சி வளைவில் ஊதும் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிற பிள்ளை அவன். பிளாஸ்டிக் வேண்டாம், மரத்தில் செய்தது என்றால் உறுதியாகவும் நஞ்சில்லாமலும் இருக்கும் என்று நானும் மனைவியும் முடிவு செய்து, முகநூலில் விற்கும் ஒருவரிடம் 42 துண்டுகள் கொண்ட மரப் புகையிரதத் தொகுதி ஒன்றை 6,800 ரூபாவுக்கு வாங்கினோம். கூரியர் கட்டணம் 450 ரூபா வேறு. என் அம்மா பல நாள் கொழுந்து பறித்தால் கிடைக்கும் சம்பளத்தை ஒரு விளையாட்டுச் சாமானுக்குக் கொடுத்திருக்கிறேன் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது பெயின்ட் வாடை. எட்டு வளைவுத் துண்டுகளைப் பூட்டினால் முழு வட்டம் வரும் என்று படத்தில் போட்டிருந்தது. பூட்டிப் பார்த்தேன், கடைசி இரண்டு முனைகளுக்கும் நடுவில் இரண்டரை சென்ரிமீற்றர் இடைவெளி. இழுத்துச் சேர்த்தால் எதிர்ப்பக்கத்துப் பூட்டு கழன்றுவிடுகிறது. எஞ்சினையும் ஐந்து பெட்டிகளையும் காந்தத்தால் சேர்க்க வேண்டும், ஆனால் இரண்டாவது பெட்டியை முதலாவதின் அருகில் கொண்டுபோனால் அது கோபித்துக்கொண்ட உறவினர் போல விலகி ஓடுகிறது. திருப்பி வைத்தால் ஒட்டுகிறது, அடுத்த பெட்டி விலகுகிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு காந்தம் கழன்று கையோடு வந்துவிட்டது. இரண்டு நாள் மழைக்குப் பின் சில்லுகள் பாதி சுழலவே மறுக்கின்றன.

தொகுதியில் ஒரு சுரங்கமும் இருக்கிறது. மகன் அதற்கு எங்கள் பக்கத்துப் புகையிரதச் சுரங்கத்தின் பெயரையே எடுத்துச் சிங்கமலை என்று பெயர் வைத்துவிட்டான், ஆனால் எஞ்சினின் புகைபோக்கி சுரங்க வாயில் இடித்து நின்றுவிடுகிறது. அவன் பிறந்தது முதல் டீசல் எஞ்சினை மாத்திரமே கண்டவன் ஆகையால், அந்தப் புகைபோக்கியைக் காட்டி, "இது தேயிலை பெக்டரியா அப்பா?" என்று கேட்டான். அதற்கு மேல் அவன் அதைத் தொடவில்லை.

விற்றவருக்குப் படங்களை அனுப்பினேன். மரச் சாமான் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதன் பின்னர் என் செய்திகளைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். இதைத் திருத்த முடியுமா, பிள்ளையின் கையில் கொடுக்கலாமா, பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உளியும் இழைப்புளியும் | ஞாயிறு, இரவு 10.05

தம்பி, பண்டாரவளையில் சிறிய தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். விற்றவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரம் அப்படித்தான் இருக்கும் என்று மரத்தின் மேல் பழியைப் போடுவது எங்கள் தொழிலில் சோம்பேறிகளின் வழக்கம்.

வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுத் துண்டில் ஒரு வட்டம் என்றால் ஒவ்வொன்றும் 45 பாகை. அச்சுப் பலகை தேய்ந்து ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பாகை குறைந்தாலும், கடைசியில் எட்டுப் பாகை குறைந்து நீங்கள் சொல்லும் அளவு இடைவெளி வந்துவிடும். நல்ல தொகுதிகளிலும் இந்தப் பிழை சிறிதளவு இருக்கும். ஆனால் அங்கே பூட்டின் முளையைக் குழியைவிடச் சற்றுச் சிறிதாகச் செய்து, ஒவ்வொரு பொருத்திலும் கொஞ்சம் அசைவு விட்டிருப்பார்கள். அந்த அசைவுகள் எல்லாம் சேர்ந்து பிழையை விழுங்கிவிடும்.

காந்தத்துக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு முனை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எல்லா வண்டிகளிலும் முன்பக்கம் ஒரே முனையும் பின்பக்கம் மற்ற முனையும் வெளியே தெரிய வேண்டும், அல்லது காந்தம் தன் கூட்டுக்குள் தானாகத் திரும்பிக்கொள்ளும்படி விட வேண்டும். உங்களுக்கு வந்ததில் கைக்கு வந்தபடி ஒட்டியிருக்கிறார்கள்.

சில்லு இறுகுவதற்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்கு மூன்று விபரம் தேவை. அச்சு இரும்பா மரமா? உடைந்த அல்லது கீறிய இடத்தில் நார் தெரிகிறதா, பிஸ்கட் போலப் பொடியாகிறதா? சில்லின் விட்டத்தை நெடுக்கும் குறுக்கும் அளந்தால் ஒரே அளவு வருகிறதா?

ஹட்டன் கடைத்தெரு | திங்கள், காலை 7.10

ஆசாரியார் சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் 42 துண்டுக்கு 6,800 என்றால் ஒரு துண்டுக்கு 160 ரூபா சொச்சம். இந்த விலைக்கு இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமா என்று கடைக்காரன் என்ற முறையில் கேட்கிறேன்.

கொட்டகலையான் | திங்கள், மாலை 4.40

ஆசாரி ஐயா, நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறவன், ஆகவே ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கியை ஒரு மாலைப்பொழுதுக்கு இரவல் பெற்று வந்தேன். அச்சு மரத்தாலானது, பென்சிலைவிடச் சற்று மெல்லிய ஒரு குச்சி. கீறிய இடத்தில் நார் தெரிகிறது, வெளிர் மஞ்சள் நிறம். ஆனால் சுரங்கமும் ஏற்றப் பாலமும் மரமே அல்ல. விளிம்பில் ஈரம் பட்ட இடம் அப்பம் போல உப்பியிருக்கிறது. சில்லின் விட்டம் ஒரு பக்கம் 24.0 மில்லிமீற்றர், அதற்குக் குறுக்கே 24.5. பொருள் கண்ணுக்கு வட்டம், இடுக்கிக்கு முட்டை.

கடைக்கார அண்ணாவுக்கு: மலிவான சாமான் என்று சொல்லி விற்றிருந்தால் நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன். விளம்பரத்தில் "உயர்தர மரம்" என்று இரண்டு இடத்தில் இருந்தது.

இரவுப்பணித் தாதி | திங்கள், இரவு 11.50

வட்டத்தைப் பற்றியும் சில்லைப் பற்றியும் பிறகு பேசலாம். கழன்று வந்த காந்தம் இப்போது எங்கே இருக்கிறது? மற்றக் காந்தங்களை எண்ணினீர்களா?

நான் சிறுவர் விடுதியில் வேலை செய்கிறேன். ஒரு காந்தத்தை விழுங்கினால் பெரும்பாலும் அது தானாக வெளியேறிவிடும். இரண்டை வேறு வேறு நேரத்தில் விழுங்கினால், அல்லது ஒரு காந்தத்தோடு வேறோர் இரும்புத் துண்டையும் விழுங்கினால், குடலின் இரண்டு மடிப்புகளுக்கு இரு பக்கமும் நின்று ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நடுவில் அகப்பட்ட குடற்சுவருக்கு இரத்தம் போகாமல் அது அழுகித் துளை விழும். ஆரம்பத்தில் பிள்ளைக்கு வாந்தியும் வயிற்று நோவும்தான் இருக்கும். வீட்டில் ஒத்துக்கொள்ளாத சாப்பாடு என்று நினைத்துக் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுக்கக்கூடிய வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோக வேண்டும், வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

இன்னொன்று. எஞ்சினில் ஊதும் சத்தம் வரும் பொத்தான் இருக்கிறதா? இருந்தால் அடியில் மூடியைப் பாருங்கள். திருகாணி இல்லாமல் நகத்தால் திறக்கக்கூடிய மூடி என்றால் உள்ளே இருக்கும் பொத்தான் பற்றரியை இன்றிரவே எடுத்துவிடுங்கள். உணவுக்குழாயில் சிக்கிய பொத்தான் பற்றரி இரண்டு மணித்தியாலத்துக்குள் திசுவை எரித்துவிடும்.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிறிய உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அழுத்தாமல் அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் அந்த வயதுக்கு உரியதல்ல. வீட்டில் பழைய கமராப் பிலிம் டப்பி கிடந்தால் ஏறத்தாழ அதே அளவுதான். கழன்ற சில்லைப் போட்டுப் பாருங்கள், தயங்காமல் உள்ளே போகும்.

கொட்டகலையான் | செவ்வாய், காலை 5.35

அக்கா, உங்கள் செய்தியை அதிகாலை மூன்று மணிக்குப் பார்த்தேன். ஆறு வண்டி, வண்டிக்கு இரண்டு என்று 12 காந்தங்கள் இருக்க வேண்டும். வண்டிகளில் ஒன்பது இருந்தன. முதலில் கழன்றதை அலமாரியின் மேல் வைத்திருந்தேன், அது பத்து. மற்ற இரண்டு எப்போது கழன்றன என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

மனைவி மகனின் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் ஒரு நூலில் கையிலிருந்த காந்தத்தைக் கட்டி, தரை முழுவதும் விளக்குமாறு போட்டுக் கூட்டுவது போல இழுத்துக்கொண்டு போனேன். ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்த ஊக்கோடு வந்தது. கடைசி ஒன்று அம்மாவின் பழைய தையல் மெஷினின் இரும்புக் காலில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், யாரோ பொட்டு வைத்தது போல ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தேடி எடுக்கும்போது நேரம் நாலரை. இவ்வளவுக்கும் நடுவில் அம்மா எழுந்து வந்து விலையையும் கேட்டுவிட்டார்.

எஞ்சினின் மூடியில் திருகாணி இல்லை. பற்றரியை எடுத்து, ஒட்டுநாடாவால் சுற்றி, எட்டாத உயரத்தில் வைத்துவிட்டேன். சில்லுகள், காந்தங்கள் எல்லாம் ஒரு தகர டின்னுக்குள் போய்விட்டன. நன்றி என்று எழுதினால் அது போதாது.

உளியும் இழைப்புளியும் | செவ்வாய், காலை 6.30

தாதி தங்கச்சி கேட்ட கேள்வியை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பிழை என்னுடையது.

இப்போது சில்லு விடயம். மரம் ஈரத்தை உறிஞ்சும்போது நார் ஓடும் திசையில் நீளுவதே இல்லை என்று சொல்லலாம், குறுக்கேதான் பருக்கும். உலர்ந்த கிடங்கில் நூற்றுக்கு எட்டுப் பத்துப் பங்கு ஈரத்தோடு இருந்த மரம், உங்கள் பக்கத்து மழைக் காற்றில் நாலு நாள் கிடந்தால் 15ஐத் தாண்டிவிடும். பலகையிலிருந்து வெட்டிய சில்லில் நார் ஒரு திசையில் ஓடுவதால் அந்தத் திசையில் 24.0 அப்படியே நிற்க, குறுக்கே 24.5 ஆகிவிட்டது. இது மரத்தின் குணம், குற்றம் அல்ல; அதை அறிந்து செய்யாதவன்தான் குற்றவாளி.

இறுகுவது அச்சால். குச்சியில் நார் நீளவாக்கில் ஓடுவதால் அது சுற்றிவரப் பருக்கிறது. வண்டியின் உடலில் உள்ள துளையோ நார் ஓடும் பக்கத்துக்கு விரிவதில்லை. ஆகவே குச்சி தடிக்கிறது, துளை இடம் கொடுக்க மறுக்கிறது. மரத் துளைக்குள் மர அச்சு ஓட வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே அரை மில்லிமீற்றராவது கூடுதல் இடம் விட்டு, மெழுகு பூச வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு அச்சுப் போட வேண்டும்.

மரம் இறப்பர் மரமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பால் வற்றி, 25, 30 வருடத்தில் வெட்டும் மரத்தை முன்பு விறகாக எரித்தார்கள், இப்போது உலகம் முழுவதும் அதில் விளையாட்டுப் பொருள் செய்கிறார்கள். நன்றாக இழைக்க வரும், சிராய் குறைவு. ஆனால் வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சணமும் வண்டும் பிடிக்கும் மரம் அது. மருந்தூட்டி, சூளையில் உலர்த்தினால்தான் நிற்கும். சுரங்கமும் பாலமும் மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை. நுவரெலியா மாவட்டத்தில் அதைப் பிள்ளைக்குக் கொடுப்பது சீனிக் கட்டியில் வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

நானுஓயா பழையவர் | செவ்வாய், முற்பகல் 10.15

புகையிரதத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி, அந்த ஏற்றப் பாலத்தின் அளவை எழுத முடியுமா? என்னால் ஊகிக்க முடிகிறது, ஆனாலும் உங்கள் வாயால் கேட்க ஆசை.

கொட்டகலையான் | செவ்வாய், பிற்பகல் 2.30

ஐயா, எட்டு அங்குல நீளத்தில் இரண்டரை அங்குலம் ஏறுகிறது. எஞ்சின் ஏறுகிறது, பெட்டிகள் கழன்று பின்னால் வந்துவிடுகின்றன. ஐந்து பெட்டியில் நீளமான இரண்டும் வளைவில் பள்ளத்தை விட்டு ஏறிவிடுகின்றன.

நானுஓயா பழையவர் | செவ்வாய், மாலை 6.05

கழன்று வராமல் என்ன செய்யும்? நமது மலையகப் பாதையில் மிகக் கடுமையான ஏற்றமே 44 அடிக்கு ஒரு அடிதான். உங்கள் பாலத்தில் மூன்றேகால் அடிக்கு ஒரு அடி. அதைப் பாதை என்று சொல்வதைவிட ஏணி என்று சொல்லலாம்.

வளைவுகளும் அப்படியே. மலையகப் பாதையின் மிக இறுக்கமான வளைவின் ஆரை ஐந்து சங்கிலி, அதாவது 330 அடி. ஐந்தரை அடி அகலப் பாதையில் அது உலகத்தின் மிக இறுக்கமான வளைவுகளில் ஒன்று. அதில் நீளமான பெட்டி தடம் புரளாமல் போவதற்குக் காரணம், சில்லுகள் பெட்டியோடு நேரடியாகப் பிணைக்கப்படாமல் முன்னும் பின்னும் போகி என்ற தனித்தனிச் சில்லுச் சட்டங்களில் இருப்பதும், போகி வளைவுக்கேற்பத் திரும்பிக்கொடுப்பதும்தான். உங்கள் விளையாட்டுப் பெட்டியில் நான்கு சில்லும் உடலின் இரு ஓரங்களில் அசையாமல் நிற்கின்றன அல்லவா? நீளமான பெட்டி வளைவில் பள்ளத்தை விட்டு ஏறுவது அதனால்தான். குட்டையான பெட்டி மூன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு நீளமான இரண்டையும் ஓரங்கட்டுங்கள்.

என் முக்கியமான ஆட்சேபம் வேறு. ஆசாரியார் வட்டம் மூடாததற்குக் காரணம் சொல்கிறார். வட்டம் எதற்கு? உங்கள் மகன் வாசலில் நின்று பார்க்கும் கோச்சி என்றைக்காவது வட்டம் சுற்றியதுண்டா? அது கொழும்புப் பக்கமிருந்து வருகிறது, பதுளைப் பக்கம் போகிறது, பிறகு திரும்பி வருகிறது. இந்தப் பாதை நானுஓயாவுக்கு வந்தது 1885இல், பதுளையைத் தொட்டது 1924இல். நடுவில் இருக்கும் அந்த 39 வருடமும் மலையோடும், மழையோடும், பட்டிப்பொலைக்கு அப்பால் 1,890 மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும் வழியோடும், நம் முன்னோரின் கைகளோடும் போனது. பாதை தன்னையே சுற்றிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டென்றால் அது தெமோதரை. அங்கேயும் நிலையத்தைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியில் சுரங்கம் வழியாகப் போகிறதே தவிர, புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதில்லை. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்துத்தான் அந்த யோசனை பிறந்தது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, சொல்லும்போது எல்லோருக்கும் முகம் மலரும்.

ஆகவே துண்டுகளை நீளமாகப் போடுங்கள். இரண்டு முனையும் திறந்தே கிடக்கட்டும்.

தலவாக்கலை முன்பள்ளி அக்கா | செவ்வாய், இரவு 8.45

பழையவர் ஐயா சொன்னதை என் அனுபவமும் ஆமோதிக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைகள் பாதை பூட்டுவதில் அக்கறை காட்டுவதில்லை. இரண்டு கையாலும் முளையைக் குழிக்குள் இறக்கும் பக்குவம் பலருக்கு நாலு வயதில்தான் வருகிறது. அதற்கு முன்னர் அவர்கள் கோச்சியைச் சீமெந்துத் தரையில் முழங்காலிட்டுத் தள்ளுவார்கள், கன்னத்தைத் தரையில் வைத்துச் சில்லைப் பார்ப்பார்கள், கல்லையும் கொய்யாப் பிஞ்சையும் ஏற்றி இறக்குவார்கள். 42 துண்டுகள் என்பது பெற்றோரின் கண்ணுக்காகப் போடும் எண்ணிக்கை. எங்கள் முன்பள்ளியில் இருப்பது ஒரு எஞ்சினும் மூன்று பெட்டியும், அவையும் கயிற்று வளையத்தால் கோத்தவை. ஐந்து வருடமாகப் பிள்ளைகள் இழுக்கிறார்கள், இன்னும் அறவில்லை.

பெயின்ட் வாடை வருகிறது என்றாரே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும்.

இரவுப்பணித் தாதி | புதன், காலை 6.20

நானே எழுத நினைத்திருந்தேன். வாடை என்பது பெரும்பாலும் சரியாக உலராத பூச்சின் அடையாளம். ஈயத்துக்கு வாடையும் இல்லை, பார்த்துக் கண்டுபிடிக்கும் அடையாளமும் இல்லை. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏறத்தாழ 15 இலட்சம் மரப் புகையிரத விளையாட்டுப் பொருள்கள், சிவப்பு மஞ்சள் பூச்சில் ஈயம் இருந்த காரணத்தால் மீளப் பெறப்பட்டன. அவை பெயர்பெற்ற பொருள்கள். மரம் என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் ஏன் இவ்வளவு இளகிவிடுகிறோம் என்று எனக்கு அன்றிலிருந்து ஒரு கேள்வி. பிள்ளையின் வாய்க்குள் போவது மரமல்ல, மரத்தின் மேல் இருப்பது. உடலுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கைச் சிறு பிள்ளைகளின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது.

இலங்கையிலும் விளையாட்டுப் பொருள்களின் பூச்சில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று விதி உண்டு. வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் துடைத்துப் பாருங்கள். நிறம் துணியில் ஏறினால் அந்தத் துண்டை மேற்கொண்டு யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள். ஏறாவிட்டால் நல்லது என்று மாத்திரம் சொல்லலாம், பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. சாண்ட் பேப்பர் போட்டு அதை நீங்களே உரசி எடுக்கவும் வேண்டாம், தூசி வீடெங்கும் படியும்.

ஹட்டன் கடைத்தெரு | புதன், பிற்பகல் 1.25

திங்கட்கிழமை நான் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி என்னோடு பேசவில்லை. காந்தம் தேடிய கதையையும் அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டினார்.

கடைக்குள் இருந்து பார்த்தால் விடயம் இப்படி இருக்கிறது. கொழும்புப் புறக்கோட்டையில் மொத்தமாக இறங்கும் சரக்கு மூன்று நாலு கை மாறித்தான் எங்களிடமோ முகநூல்காரரிடமோ வருகிறது. யார் செய்தது என்று எவருக்கும் தெரியாது, ஆகவே யாரிடமும் கேட்கவும் முடியாது. நான் வாங்கும்போது பார்க்கும் அடையாளங்களைச் சொல்கிறேன். பெட்டியில் செய்தவரின் பெயரும் முகவரியும் இல்லையென்றால் எடுப்பதில்லை. எந்த வயதுக்கு என்று எழுதாததும், "3 வயதுக்குக் கீழ் வேண்டாம்" என்ற அடையாளத்தைப் போட்டுவிட்டுப் படத்தில் தவழும் குழந்தையைக் காட்டுவதும் ஒன்றுதான். பிறகு கோச்சிப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துக் காந்தத்தை நகத்தால் நெம்பிப் பார்ப்பேன். மரத்துக்குள் புதைந்து, உலோக வளையமோ மூடியோ போட்டு அடைத்திருந்தால் அசையாது. மேலே பசையால் ஒட்டியது என்றால் நகத்துக்கே ஆடும். ஒன்லைனில் வாங்குகிறவருக்கு இந்த நகம் இல்லை என்பதுதான் பெரிய குறை.

6,800க்கு 42 துண்டு நல்லதாகக் கிடைக்காது என்பதில் நான் மாறவில்லை. ஆனால் அதே 6,800க்குப் பத்துத் துண்டு நல்லதாகக் கிடைக்கும்.

பதுளைச் சந்தி | புதன், இரவு 9.00

பணம் திரும்பக் கேட்கும் விடயத்துக்கு யாரும் பதில் தரவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடலாம். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை. உங்களிடம் அது இல்லையென்றால் விளம்பரத்தின் படம், பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு, கூரியர் உறை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முக்கியமாக, எதையும் அறுக்கவோ ஒட்டவோ முன்னர் எல்லாவற்றையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். திருத்திய பொருளைக் காட்டி முறையிடுவது கடினம்.

கொட்டகலையான் | மூன்று வாரங்களுக்குப் பின், சனி, மாலை 5.10

தாமதத்துக்கு மன்னிக்கவும், தவணைப் பரீட்சை நடந்தது. படங்கள் எல்லாம் எடுத்து, முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதன் பிரதியை விற்றவருக்கும் அனுப்பிவைத்தேன். மூன்றாம் நாள் அவரே அழைத்து, பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். முழுவதும் வேண்டும் என்றேன். கூரியர் கட்டணம் நீங்கலாக 6,800 ரூபா வந்து சேர்ந்தது, பொருளை அவர் திரும்பக் கேட்கவில்லை.

நனைந்த துணியில் சிவப்பும் மஞ்சளும் ஏறின. அந்த நிறம் பூசிய இரண்டு பெட்டியும், உப்பிய சுரங்கமும் பாலமும் ஒதுக்கப்பட்டுவிட்டன. தடங்களும் ஒரு பெட்டியும் பூச்சில்லாதவை. எஞ்சினிலும் மற்ற இரண்டு பெட்டிகளிலும் நீலம் துணியில் ஏறவில்லை என்றாலும், தாதி அக்கா எழுதிய வரி நினைவில் நின்றதால் அவற்றையும் கொடுக்க மனம் வரவில்லை.

மிஞ்சியது பூச்சில்லாத ஒரு பெட்டியும் தடங்களும் மாத்திரம். எஞ்சின் ஒன்று வேண்டும். ஆசாரி ஐயா, வந்த பணத்தில் ஒரு எஞ்சினும் இரண்டு குட்டைப் பெட்டியும் செய்துதர முடியுமா? காந்தம் வேண்டாம், முன்பள்ளி அக்கா சொன்ன கயிற்று வளையம் போதும். புகைபோக்கியும் வேண்டாம்.

உளியும் இழைப்புளியும் | சனி, இரவு 7.30

செய்யலாம் தம்பி. தேயிலை மலையில் நிழலுக்கு நின்ற சவுக்கு (கிரெவிலியா) மரம் ஒன்றின் பலகை இரண்டு வருடமாக என் பட்டறைப் பரணில் காய்கிறது, அதில் செய்கிறேன். இரும்பு அச்சுப் போட்டு, முனைகளை உள்ளே மடக்கி அடைத்துவிடுவேன். சில்லை 40 மில்லிமீற்றர் விட்டத்தில் கடைவேன். கழன்றாலும் தாதி தங்கச்சியின் டப்பிக்குள் போகாது. ஆனால் அந்த அளவுச் சில்லு உங்களிடம் இருக்கும் தடத்தின் பள்ளத்தில் ஓடாது, தரையில்தான் ஓடும்.

பூச்சு வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உங்கள் பக்கத்து ஈரத்தில் வெறும் மரம் ஒரு மாரியில் கறுத்துவிடும். அரக்குப் பூசித் தருகிறேன். மாத்தளைப் பக்கம் ஹபுவிட என்ற ஊரில் சூடான அரக்கை நகத்தால் இழுத்து மரத்தில் கோலம் போடும் கைவினைஞர்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். என் கைக்கு அந்த வித்தை வராது, எஞ்சினின் பக்கத்தில் ஒரு நீலப் பட்டை மாத்திரம் வரும். மூன்றுக்கும் சேர்த்து 5,500 ரூபா, இரண்டு கிழமை ஆகும்.

கொட்டகலையான் | சனி, இரவு 8.05

சம்மதம் ஐயா. தடத்தைப் பற்றிக் கவலை இல்லை. பழையவர் ஐயா சொன்னபடி அவற்றை நீளமாகப் போட்டதில் குசினியிலிருந்து முன்வாசல் வரை போகவில்லை, நடுவில் இரண்டு அடி குறைந்தது. மகன் அந்த இரண்டு அடிக்கு அம்மாவின் தையல் அளவு நாடாவை விரித்துவிட்டு, பூச்சில்லாத பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான். குசினிப் பக்கம் பதுளையாம். அம்மா அங்கே நிலைய அதிபர்.